குழாயின் மறுமுனை

1892ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் திகதி, கலஹாவையும் தெல்தோட்டையையும் அடுத்துள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொட்லாந்துக்காரர் இறந்தார். இலங்கையில் வணிகத்துக்கெனத் தேயிலை பயிரிட்ட முன்னோடி அவரே. 1867இல் 19 ஏக்கரில் அவர் இட்ட பயிர்தான் பின்னர் இந்த மலைகளையெல்லாம் மூடிப் படர்ந்தது. அவரைக் கொண்டுபோன நோய் வயிற்றோட்டமும் சீதபேதியும். தோட்டத் தொழிலாளர்கள் அவருடைய உடலை முறைமாற்றித் தோளிற் சுமந்து கண்டிக்குக் கொண்டு சென்றனர். மகியாவைக் கல்லறையில் அவர் பெயர் பொறித்த கல் நிற்கின்றது. அதே நோயால் அதே மலைகளில் அவருக்கு முன்னும் பின்னும் மடிந்த தொழிலாளர்களுட் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை.

டெய்லர் இறப்பதற்குச் சரியாக அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே, அவர் பிறந்த நாட்டிலேயே, நீரிழந்து சாகும் மனிதனின் நாளத்தினுள் உப்புநீரைச் செலுத்தி அவனை எழுப்பி உட்கார வைக்கலாம் என்று ஒரு மருத்துவர் செய்து காட்டியிருந்தார். ஆயினும் அந்த அறிவு அறுபது ஆண்டுகளில் லூல்கந்துரையை வந்தடையவில்லை. துரையின் பங்களாவுக்கே வராதது தொழிலாளியின் லயத்துக்கு வந்திருக்க நியாயமில்லை.

ஓர் அறிவு பிறப்பதற்கும் அது மனிதனை வந்தடைவதற்கும் இடையே உள்ள தூரத்தை அளப்பது வரலாற்றாசிரியனின் கடமைகளுள் ஒன்று. அந்த உப்புநீரிலிருந்து பிறந்து வளர்ந்த ஒரு சிகிச்சை இன்று உலகில் உண்டு. சிறுகுடலை முற்றாக இழந்தவர்கள், குடல் இருந்தும் உணவை உறிஞ்ச இயலாதவர்கள், தம் வீட்டிலேயே இருந்துகொண்டு இரவுதோறும் நாளத்தின் வழியே முழு உணவையும் பெற்று ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றனர். மார்பின் தோலுக்குக் கீழாகச் சென்று இதயத்தின் வாயிலில் முடியும் ஒரு மெல்லிய குழாய் அவர்களுடைய உயிர்க்கயிறு. கதீற்றர் என மருத்துவர் வழங்கும் அக்குழாயின் ஒருமுனை இதயத்தருகே இருக்கின்றது. மறுமுனை வீட்டில் இருக்கின்றது. அந்த மறுமுனையை நினைவிற் கொண்டே இவ்வரலாற்றைக் காண வேண்டும் என்பது என் கருத்து.

உப்புநீரின் கதை

வங்காளத்திலிருந்து புறப்பட்ட கொலரா 1831இல் பிரித்தானியாவை அடைந்தது. அங்கு ஓஷோனெசி என்னும் இளம் மருத்துவர் நோயாளரின் இரத்தத்தைச் சோதித்து, அது நீரையும் உப்புக்களையும் பெருமளவில் இழந்திருப்பதைக் கண்டறிந்தார். இழந்ததைத் திருப்பிக் கொடுத்தாற் போதும் என்ற எளிய முடிபு அதிலிருந்து பிறந்தது. 1832 மே மாதத்தில் லீத் நகரத்தைச் சேர்ந்த தோமஸ் லட்டா அம்முடிபைச் செயலாக்கினார். முதல் நோயாளி ஒரு மூதாட்டி. கைநாளத்தினுள் உப்புநீர் செல்லச் செல்ல, குழிவிழுந்த கண்கள் ஒளிபெற்றன, நாடி திரும்பியது, மூதாட்டி பேசினார். இனி ஆபத்தில்லை என எண்ணி, லட்டா அவரை வேறொரு மருத்துவரின் பொறுப்பில் விட்டுச் சென்றார். பேதி மீண்டும் தொடங்கியது. உப்புநீரைத் தொடர்ந்து கொடுப்பார் இல்லை. சில மணி நேரத்தில் மூதாட்டி இறந்தார்.

இச்சம்பவம் நாளச் சிகிச்சையின் வரலாற்றில் முதற் பாடமாகும். மருந்து வேலை செய்தது. தொடர்ந்த பராமரிப்பு இல்லாமையே அம்மூதாட்டியைக் கொன்றது. லட்டா தாமே இதனை உணர்ந்து, பின்வந்த நோயாளருக்கு வேண்டியபோதெல்லாம் மீண்டும் மீண்டும் உப்புநீர் செலுத்தினார். ஆனால் நுண்ணுயிர்களைப் பற்றிய அறிவு பிறவாத காலம் அது. கொதிக்க வைக்காத நீரும் கழுவாத கருவியும் சேர்ந்து இம்முறைக்கு அவப்பெயர் தேடித் தந்தன. லட்டாவும் மறு ஆண்டிலேயே மறைந்தார். முறை கைவிடப்பட்டது. ஓஷோனெசி கல்கத்தாவுக்கு வந்து மருத்துவக் கல்லூரியில் இரசாயனம் கற்பித்தார். பின்னர் இந்தியாவில் தந்திக் கம்பி இழுத்த பெருமையும் அவரைச் சேர்ந்தது. கொலராவின் தாயகத்துக்கே வந்தும், அவர் கண்டறிந்த உண்மை அங்கு வழக்குக்கு வரவில்லை. 1908ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே லெனாட் ரொஜேர்ஸ் கல்கத்தாவில் செறிந்த உப்புநீரைப் பயன்படுத்திக் கொலரா மரணங்களைக் கணிசமாகக் குறைத்தார்.

இந்த இடைக்காலத்தில்தான் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து நம் முன்னோர் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் கால்நடையாக வந்தனர். வழியிற் கிடைத்த குட்டை நீரைக் குடித்தனர். வாந்திபேதி கண்டவர் பாதையோரத்தில் விடப்பட்டனர். கோப்பியும் தேயிலையும் இந்நாட்டுக்கு ஈட்டித் தந்த செல்வத்தின் கணக்கைப் புள்ளிவிபர நூல்கள் பேணி வைத்திருக்கின்றன. அப்பாதையில் வீழ்ந்தவர்களுக்கு அத்தகைய ஏடு இல்லை.

நாளத்தினுள் உணவு

உப்புநீர் உயிரை மீட்கலாம், ஊட்டமளிக்காது. நாளத்தின் வழியே உணவையே கொடுக்கலாம் என்னும் ஆசை பழமையானது. இரத்தம் சுற்றியோடுகின்றது என்று ஹாவி 1628இல் நிறுவிய பின், 1656இல் கிறிஸ்தோபர் ரென் வாத்திறகின் தண்டை ஊசியாகவும் விலங்கின் சிறுநீர்ப்பையைக் குடுவையாகவும் கொண்டு ஒரு நாயின் நாளத்தில் மதுவையும் அபினையும் செலுத்தினார். 1843இல் குளோட் பேர்னாட் விலங்குகளுக்கு வெல்லக் கரைசலைச் செலுத்தினார். ஆனால் கரைசல் செலுத்தப்பட்டவர்களுக்கு ஏன் குளிரும் காய்ச்சலும் வருகின்றன என்பது 1923 வரை புதிராகவே இருந்தது. அவ்வாண்டில் புளோரன்ஸ் சீபேட் என்னும் பெண் விஞ்ஞானி, வடித்த நீரிலும் பற்றீரியாக்கள் விட்டுச் செல்லும் நஞ்சு எஞ்சியிருப்பதையும், அதுவே காய்ச்சலுக்குக் காரணம் என்பதையும் விளக்கினார். சிறுவயதில் இளம்பிள்ளைவாதத்தால் காலிற் குறை கொண்ட அவர் நீரைத் தூய்மையாக்கித் தந்திராவிட்டால் இச்சிகிச்சை ஓரடியும் முன்னேறியிராது.

அடுத்த தடை ஒரு கணக்கு. மாணவர்கள் தாமே போட்டுப் பார்க்கலாம். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,000 கலோரி வேண்டும். வைத்தியசாலைகளில் நாம் காணும் 5 சதவீதக் குளுக்கோசுக் கரைசல் ஒரு லீற்றரில் 50 கிராம் குளுக்கோசு இருக்கின்றது. அது 200 கலோரிக்கு மேற்படாது. ஆகவே 10 லீற்றர் செலுத்த வேண்டும். எந்தச் சிறுநீரகமும் எந்த இதயமும் நாள்தோறும் அதனைத் தாங்கா. கரைசலை ஐந்து மடங்கு செறிவாக்கினால் அளவு குறையும். ஆனால் அச்செறிவு கையிலுள்ள சிறு நாளத்தை எரித்து அடைத்துவிடும். இரத்தம் வெள்ளமெனப் பாயும் பெருநாளத்தில் விட்டாலோ, அது உடனே கரைந்து நீர்த்துப் போகும். மேலுடம்பின் இரத்தத்தையெல்லாம் இதயத்தின் வலச் சோணையறைக்குக் கொண்டுவரும் மேற்பெருநாளமே அதற்குத் தக்க இடம்.

அந்த இடத்துக்குச் செல்லும் வழியைத் திறந்தவர் ஜேர்மனியின் ஏபர்ஸ்வால்டே நகரத்து இளம் மருத்துவர் வேர்னர் போஸ்மன். 1929இல் மேலதிகாரியின் தடையை மீறி, சிறுநீர்க் குழாயொன்றைத் தம் கைநாளத்தின் வழியே 65 சென்ரிமீற்றர் உட்செலுத்தி, அப்படியே நடந்து சென்று கதிர்ப்படம் எடுத்தார். குழாயின் நுனி அவருடைய இதயத்தில் இருந்தது. கருவிகளை எடுத்துத் தந்த தாதி, சோதனை தம்மீதே நடக்கப்போவதாக நம்பி மேசையிற் கட்டுண்டு கிடந்தார் என்பதையும் வரலாறு குறித்து வைத்திருக்கின்றது. 1956இல் போஸ்மன் இருவருடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். அவரே 1932இல் நாஜிக் கட்சியிற் சேர்ந்தவர் என்பதையும் மறைப்பதற்கில்லை. அறிவுத் துணிவும் சமூகப் பார்வையும் ஒருவரிடத்திற் சேர்ந்தே இருக்கும் என்ற நியதி இல்லை.

1952இல் பிரெஞ்சு மருத்துவர் ஓபானியாக் காறையெலும்பின் கீழுள்ள நாளத்தை ஊசியால் எட்டும் முறையை வெளியிட்டார். 1960களின் தொடக்கத்தில் சுவீடனில் ஆவிட் விரெட்லின்ட், சோயா எண்ணெயையும் முட்டை மஞ்சட் கருவின் கொழுப்பையும் கொண்டு நாளத்திற் பாதுகாப்பாகச் செலுத்தக்கூடிய பால்போன்ற கொழுப்புக் கரைசலை ஆக்கினார். அதே காலத்தில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஸ்ரான்லி டட்றிக் என்னும் இளம் சத்திரசிகிச்சை மாணவர் நாய்க்குட்டிகளுக்கு நாளத்தின் வழியாக மட்டுமே உணவூட்டி, அவை மற்றக் குட்டிகளைப்போலவே வளர்வதை நிறுவினார். 1967இல் பிலடெல்பியாவில், சிறுகுடல் அநேகமாக இல்லாமலே பிறந்த ஒரு பெண்குழந்தைக்கு இம்முறை கையாளப்பட்டது. கழுத்து நாளத்தில் நுழைந்த குழாயின் வெளிமுனையைத் தோலின் கீழாகக் காதுக்குப் பின்னே கொண்டுசென்று தலையில் வெளியே எடுத்தனர். நாளத்தைத் துளைத்த இடமும் தோலைத் துளைத்த இடமும் விலகியிருந்தால் கிருமி நுழைவது கடினம் என்பதே இதன் நுட்பம். குழந்தையின் எடையும் உயரமும் கூடின. 1968இல் இச்செய்தி மருத்துவ உலகுக்கு எட்டியது.

வேலூரிலிருந்து டொரொன்ரோவுக்கு

உயிர் தங்கியது, ஆனால் வைத்தியசாலைக் கட்டிலிலேயே தங்கியது. குடல் இழந்தவர் வாழ்நாள் முழுவதும் கட்டிலோடு கிடக்க முடியுமா? விடையைத் தேடியவர்களுள் ஒருவர் சியாற்றில் நகரத்து பெல்டிங் ஸ்கிறிப்னர். சிறுநீரகம் செயலிழந்தோருக்கு இரத்தம் சுத்திகரிக்கும் நிலையான வழியை 1960இல் அமைத்தவர் அவரே. இயந்திரங்கள் சில, நோயாளரோ பலர். யாருக்கு இயந்திரம், யாருக்கு மரணம் என்று தீர்மானிக்க அந்நகரில் எழுவர் கொண்ட குழுவொன்று அமைக்கப்பட்டது. தொழில், வருமானம், தேவாலய ஈடுபாடு ஆகியவற்றையும் அக்குழு எடைபோட்டது என்பது 1962இல் ஒரு சஞ்சிகையில் வெளியாகி நாட்டையே உலுக்கியது. சிறுநீரக நோயாளரின் செலவை அரசே ஏற்கும் சட்டம் 1972இல் அமெரிக்காவில் நிறைவேறிய பின்னரே அவ்வகைத் தெரிவுக்கு முடிவு வந்தது. யார் வாழ்வது என்ற கேள்வியை அங்கு தீர்த்து வைத்தது நாடாளுமன்றமே. அந்த ஸ்கிறிப்னரே 1970இல், இரவில் உணவூட்டிப் பகலில் நடமாட விடும் 'செயற்கைக் குடல்' என்னும் கருத்தையும் முன்வைத்தார்.

அதே 1970இல் கனடாவின் டொரொன்ரோ நகரில் ஓர் இளந்தாய் குருதி உறைவினால் சிறுகுடல் முழுவதையும் இழந்தார். அவரைக் கவனிக்க முன்வந்தவர் குர்ஷீத் ஜீஜீபாய். இவர் நம் அயலிலுள்ள வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிற் பயின்றவர் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. பிரசவ வேளையில் ஆண் மருத்துவரை அழைக்க மறுத்த குடும்பங்களின் பெண்கள் ஒரே இரவில் மூவர் இறந்ததைக் கண்டு மனம் மாறிய ஐடா ஸ்கடர், 1900இல் ஒற்றைக் கட்டில் வைத்தியசாலையாகத் தொடங்கியதன் வளர்ச்சியே அக்கல்லூரி. 1947இலேயே அங்கு ஆண்களும் சேர்க்கப்பட்டனர். ஏழையின் வாயிலுக்கு மருத்துவம் செல்ல வேண்டும் என்ற மரபில் வளர்ந்த நிறுவனம் அது.

ஜீஜீபாயும் சத்திரசிகிச்சை நிபுணர் பேர்னாட் லாங்கரும் அந்தத் தாய்க்கு மென்மையான சிலிக்கன் குழாயைப் பொருத்தினர். பின்னர் எல்லாவற்றிலும் அரிய காரியமொன்றைச் செய்தனர்: நோயாளிக்கே கல்வி அளித்தனர். கை கழுவுதல், கரைசலை இணைத்தல், குழாயைப் பூட்டுதல் யாவற்றையும் அத்தாய் தாமே செய்யக் கற்றார். வீட்டில் 23 மாதம் சிக்கலின்றி வாழ்ந்தமை 1973இல் வெளியான மருத்துவக் கட்டுரையிற் பதிவாயிற்று. அதற்குப் பின்னும் நீண்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் அக்குழாயினால் வாழ்ந்து தம் பிள்ளைகளை வளர்த்தார். நெடுங்காலம் நாள உணவில் வாழ்ந்த நோயாளியொருவருக்குக் கைகால் உணர்விழப்பும் வெல்ல ஒவ்வாமையும் தோன்றியபோது, குரோமியம் என்னும் உலோகம் மிக நுண்ணிய அளவில் உடலுக்கு வேண்டும் என்பதையும் ஜீஜீபாய் குழுவினர் 1977இல் எடுத்துக்காட்டினர். கீரையும் தானியமும் நமக்கு அறியாமலே தரும் ஒவ்வொன்றையும், நாள உணவில் மனிதன் எண்ணிச் சேர்க்க வேண்டியிருக்கின்றது.

எந்தக் குழாய்?

1973இல் புறோவியாக் என்பவர் குழாயின் நடுவே துணிபோன்ற டேக்ரன் வளையமொன்றை வைத்தார். தோலின் கீழிருக்கும் அவ்வளையத்தினுள் சில வாரங்களில் தசைநார் வளர்ந்து, குழாயை இறுகப் பற்றிக்கொள்ளும், கிருமிக்கும் தடையாகும். 1979இல் ஹிக்மன் அதனைச் சற்று அகலமாக்கினார். 1980களில் தோலின் கீழ் முழுவதும் மறைந்து, ஊசிகொண்டு மட்டுமே எட்டக்கூடிய சிறு கிண்ணம் வழக்குக்கு வந்தது. முழங்கைக்கு மேலுள்ள நாளத்தில் நுழைந்து மேற்பெருநாளம் வரை செல்லும் நீண்ட குழாயும் பரவலாயிற்று.

இவற்றுள் எதைத் தெரிவது? சில மாதங்களுக்கு மட்டும் உணவூட்டல் வேண்டுமாயின் கைநாளக் குழாய் போதும். ஆனால் அது பொருத்தப்பட்ட கை ஓரளவு கட்டுண்டு விடுகின்றது. இணைக்கும் வேலையை மற்றக் கையாற் செய்ய நேர்கின்றது. ஆண்டுக்கணக்கில் வேண்டுவோருக்கு, நாள்தோறும் உணவேற்றுவோருக்கு, வளையம் கொண்ட மார்புக் குழாயே பெரிதும் விரும்பப்படுகின்றது. மறைந்த கிண்ணம் குளிப்பதற்கும் நீந்துவதற்கும் வசதியானது. ஆனால் ஒவ்வொரு தடவையும் தோலை ஊசி துளைக்க வேண்டும். குழாயினுள் ஒரே வழி இருப்பது நல்லது. வழிகள் கூடக் கூடக் கிருமி நுழையும் வாயில்களும் கூடும். நுனி மேற்பெருநாளம் சோணையறையிற் சேரும் இடத்தருகே நிற்க வேண்டும். அதற்கு மேலே நின்றால் நாளம் அடைபடும் அபாயம் அதிகம்.

இவை நூல்கள் கூறும் விதிகள். அவற்றோடு நோயாளியின் வாழ்க்கையையும் கேட்டறிய வேண்டும் என்பதும் இப்போது ஏற்கப்பட்ட விதியே. குழாய் வெளிவரும் இடம் நோயாளியின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இரு கைகளுக்கும் எட்ட வேண்டும். உடையின் பட்டி உராயக் கூடாது. நம் மலையகப் பெண்ணொருத்திக்கு இக்குழாய் பொருத்தப்படுமாயின், கொழுந்துக் கூடையின் கயிறு தலையிலிருந்து எங்கே இறங்குகின்றது, விறகுக் கட்டு எந்தத் தோளில் ஏறுகின்றது, கைக்குழந்தை எந்தப் பக்கத்து இடுப்பில் அமர்கின்றது என்பதெல்லாம் மருத்துவ வினாக்களாகிவிடுகின்றன.

பேணும் முறை

இக்குழாயின் பெரும் பகை கிருமி. இதயவாயிலில் நேரே திறக்கும் வழியாதலின், அதனுட் புகும் கிருமி உடல் முழுவதும் பரவ நெடுநேரம் ஆகாது. ஆகவே பேணும் முறையின் அரிச்சுவடி கை கழுவுதல். 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் மருத்துவ மாணவர்களைக் கைகழுவச் செய்து பிரசவ மரணங்களைக் குறைத்தபோது அவரை ஏளனம் செய்தனர். 2006இல் வெளிவந்த மிச்சிகன் மாநில ஆய்வு, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கைகழுவுதல், குளோரெக்சிடின் கொண்டு தோலைத் துடைத்தல், முழு உடையும் அணிந்து குழாயிடுதல், தேவையற்ற குழாயை அகற்றுதல் முதலிய ஐந்து எளிய செயல்களைத் தவறாது செய்ததனால் குழாய்வழிக் கிருமித்தொற்று 66 சதவீதம் வரை குறைந்தமையைக் காட்டியது. புதிய மருந்தோ புதிய இயந்திரமோ அங்கு சேர்க்கப்படவில்லை.

வீட்டிற் பேணுவோருக்கான விதிகளும் இத்தகையனவே. ஒழுங்கான இடமொன்றைத் துடைத்து, கதவை அடைத்து, காற்றாடியை நிறுத்தி, சவர்க்காரமிட்டுக் கைகழுவிய பின்னரே குழாயைத் தொடலாம். இணைப்பு முனையைக் கிருமிநாசினியால் நன்றாகத் தேய்த்து, அது உலரும் வரை பொறுத்திருக்க வேண்டும். தோல்வாயை மூடும் கண்ணாடிபோன்ற தாளை வாரம் ஒருமுறையும், பஞ்சுத் துணியானால் இரு நாட்களுக்கொரு முறையும், நனைந்தாலோ அழுக்கானாலோ உடனேயும் மாற்ற வேண்டும். உணவேற்றும் வழியில் வேறு மருந்து செலுத்துவதும் இரத்தம் எடுப்பதும் இயன்றவரை தவிர்க்கப்பட வேண்டும். உணவேற்றி முடிந்ததும் உப்புநீரால் கழுவிப் பூட்ட வேண்டும். அடிக்கடி தொற்று வருவோருக்குக் கிருமியைத் தடுக்கும் தோரோலிடின் கரைசலால் பூட்டுவதும் உண்டு.

குழாயில் உணவு ஏறும்போது குளிர்நடுக்கமும் காய்ச்சலும் தோன்றினால் அது சாதாரணக் காய்ச்சல் என்று காத்திருக்கலாகாது. ஏற்றுவதை நிறுத்தி அன்றே வைத்தியசாலை செல்ல வேண்டும். கழுத்தோ கையோ வீங்கினால் நாளம் அடைபட்டிருக்கலாம். குழாய் கிழிந்தால் கிழிவுக்கும் உடலுக்கும் இடையே உடனே கவ்வி போட்டு அடைக்க வேண்டும். காற்று உட்புகுந்து மூச்சுத் திணறினால் தலை தாழ, இடப்பக்கமாகப் படுக்க வைத்து உதவி தேட வேண்டும். தொற்று வந்தவுடன் குழாயைப் பிடுங்கிவிட வேண்டும் என்பதும் இல்லை. பல வேளைகளில் மருந்தினால் அதனைக் காப்பாற்றலாம். உடலிலுள்ள பெருநாளங்கள் எண்ணிக்கையிற் சில. ஒவ்வொன்றாக அடைபட்டுப் போனால் பின்னர் குழாயிட இடமே இராது.

பத்துக்குப் பன்னிரண்டு

இவ்விதிகளை மறுபடியும் ஒருமுறை படித்துப் பார்க்கும்படி வாசகரை வேண்டுகின்றேன். ஒவ்வொரு விதியும் ஒரு வீட்டை முன்னிட்டுப் பேசுகின்றது. அடைக்கக்கூடிய அறை, திறந்தால் சுத்தநீர் வரும் குழாய், இரவு முழுவதும் மின்சாரம், கரைசல் வைக்கக் குளிர்சாதனப் பெட்டி, காய்ச்சல் கண்ட இரவில் வைத்தியசாலைக்கு ஓட வாகனமும் பாதையும் உண்டு என்று அவ்விதிகள் கொள்கின்றன. பிரித்தானியாவில், 1948இல் தொடங்கிய பொதுச் சுகாதார சேவையின் கீழ் இச்சிகிச்சை பெறுவோரின் வீட்டுக்குக் கரைசலோடு குளிர்சாதனப் பெட்டியும் வந்துசேர்கின்றது. மருந்தின் ஒரு பகுதியே அப்பெட்டி என்று அங்கு கருதுகின்றனர்.

நம் தோட்டங்களில் லயக் காம்பராவின் அளவைச் சிறுபிள்ளையும் சொல்லும்: பத்துக்குப் பன்னிரண்டு. சமையல், படுக்கை, படிப்பு, பிரசவம், மரணம் எல்லாம் அதனுள்ளும் அதன் இஸ்தோப்பிலும் நடந்தேறின. இன்றும் பெருந்தொகையான குடும்பங்களுக்கு அப்படியே நடக்கின்றன. பாடசாலைக்கு வருமுன் பீலிக்கரையில் குடத்தோடு காத்து நின்ற பிள்ளைகள் முதற்பாடத்துக்குப் பிந்தி வருவதை இப்பகுதியில் ஆசிரியத் தொழில் புரியும் எவரும் அறிவர். இந்த வீட்டின் கதவருகே வந்து நின்று, "தொடுமுன் கைகழுவுக" என்று மட்டும் அறிவுரை கூறித் திரும்புவது மருத்துவமாகாது.

இதே தவறு முன்னரும் நிகழ்ந்ததுண்டு. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென 1872இல் சட்டம் பிறந்தது. 1916இல் அமெரிக்க ரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. மருந்து கொடுத்தார்கள்; புழு விழுந்தது. மலகூடமும் காலணியும் இல்லாத மண்ணில் கால் வைத்ததும் மீண்டும் புழு ஏறியது. தொழிலாளியின் அறியாமை என்று இதற்குப் பெயரிட்டவர்களும் இருந்தார்கள். மலகூடம் கட்டும் செலவை ஏற்க வேண்டியவர்கள் அப்பெயரை மகிழ்ந்து ஏற்றுக்கொண்டிருப்பார்கள் என்பதில் ஐயமில்லை.

எனினும் நம் வரலாற்றில் நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. 1945இல் இலவசக் கல்வி. 1951இல் அரச வைத்தியசாலைகளிற் கட்டணம் ஒழிந்தது. 1962இல் கலஹாவுக்கு அண்மையில் பேராதனையில் மருத்துவ பீடம் எழுந்தது. வறிய நாடொன்று இவ்வளவும் செய்ய முடியும் என்று இலங்கை உலகுக்குக் காட்டியது. ஆனால் 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. இலவச மருத்துவம் நாடெங்கும் பரவிய நாட்களில் தோட்டங்கள் நிர்வாகத்தின் டிஸ்பென்சரியோடு நின்றன. தோட்ட வைத்தியசாலைகளைப் பொதுச் சேவையோடு இணைக்கும் பணி மிகப் பிந்தித் தொடங்கியது. இலவச மருத்துவமும் அசையாத மலையன்று என்பதை 2022 உணர்த்தியது. அந்நியச் செலாவணி வற்றி மருந்துகள் தீர்ந்தபோது, அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. நாள்தோறும் கரைசல் வந்தாக வேண்டிய ஒருவருக்கு அத்தகைய ஒரு வாரம் என்ன பொருள் தரும் என்று விளக்க வேண்டியதில்லை. அந்நியச் செலாவணியைத் தேடித் தருவதில் கொழுந்து பறிக்கும் கைகளின் பங்கு எத்தகையது என்பதும் விளக்கம் வேண்டாதது.

அரிய நோயொன்றுக்கான இவ்வளவு விலையுயர்ந்த சிகிச்சை நமக்கெதற்கு, முதலிற் சுத்தநீரைக் கொடுங்கள் என்று ஒரு நண்பர் கேட்கக்கூடும். அக்கேள்வியில் நியாயம் உண்டு. 1971இல் வங்கதேச அகதிகள் நிறைந்த பொங்காவ் முகாமில், நாளத்திற் செலுத்தும் உப்புநீர் தீர்ந்துபோன வேளையில், திலீப் மகலனாபிஸ் உப்பும் சோடாவும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்து, சுமார் 30 சதவீதமாயிருந்த மரணத்தை 4 சதவீதத்துக்கும் கீழே இறக்கினார். தாதியரோடு உறவினரும் அதனைக் கலந்து ஊட்டினர். வாய் உள்ளவனுக்கு வாய்வழியே, குடல் உள்ளவனுக்குக் குடல்வழியே உணவு என்பது மருத்துவத்தின் மாறாத விதி. நாளக் குழாய் வேறு வழியற்றவருக்கே உரியது. ஆனால் லட்டாவின் உப்புநீர், டொரொன்ரோவின் சிலிக்கன் குழாய், பொங்காவின் உப்புக் கலவை ஆகிய மூன்றும் ஒரே உண்மையைக் கூறுகின்றன. சாதாரண மனிதரின் கையில் அறிவையும் அதற்கு வேண்டிய வசதியையும் கொடுத்த இடத்தில் உயிர் தங்கியது. கொடாத இடத்தில் தங்கவில்லை. சுத்தநீருக்கான போராட்டமும் உயர்ந்த சிகிச்சைக்கான போராட்டமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. பீலியில் வரும் அந்த நீரே இரண்டுக்கும் அடித்தளம்.

லயங்களுக்குப் பதிலாக ஏழு பேர்ச் காணியில் தனிவீடுகள் என்ற திட்டம் சில தோட்டங்களில் உருவெடுத்திருக்கின்றது. இந்திய உதவியுடன் கட்டப்பட்ட வீடுகளும் உண்டு. தேவையை நோக்க அவை சொற்பம். அவற்றை வாக்குக் கேட்கும் காலத்துப் பரிசாக ஏற்காமல், சுகாதார உரிமையாகக் கேட்கும் தெளிவு நம் இளைஞரிடத்து வளர வேண்டும். மேற்பெருநாளம் எங்கே சேர்கின்றது என்று வகுப்பறையிற் படம் வரைந்து கற்பிக்கும் ஆசிரியர், அதே பாடத்தில் தோட்டத்து நீர் எங்கிருந்து வருகின்றது, எங்கே மாசடைகின்றது என்பதற்கும் ஒரு படம் வரையச் சொல்லலாம். அப்படத்தை எடுத்துக்கொண்டு பிரதேச சபைக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் செல்வதற்கு எந்தப் பாடவிதானமும் தடை விதிக்கவில்லை.

லூல்கந்துரைக்குச் செல்லும் பாதையில் இன்று டெய்லரின் பழைய குடிசையின் புகைபோக்கியையும் அவர் அமர்ந்து மலையைப் பார்த்த கல்லாசனத்தையும் உல்லாசப் பிரயாணிகள் வந்து படம் பிடிக்கின்றனர். அவரைத் தோளிற் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதே மலையிற் குடத்தோடு நீர் ஏறுகின்றனர். எந்தக் குழாய் வேண்டும் என்பதை மருத்துவர்கள் தீர்மானிக்கட்டும். அதன் மறுமுனையில் இருக்கும் வீட்டையும் நீரையும் கேட்டுப் பெறுவது நம்முடைய வேலை.